பெயர்த்து வைத்த கோயில்களும் பெயராத கல்மீன்களும்: யாங்சி ஆற்றின் மூன்று பள்ளத்தாக்குப் பகுதி

#1 ஆற்றோரன்

சென்ற மாதம் சோங்கிங் நகரிலிருந்து இச்சாங் வரை யாங்சி ஆற்றில் பயணிகள் கப்பலில் போய்வந்தேன். மலைமுகடுகளையும் பனிமூட்டத்தையும் இங்கே பலர் முன்பே படமாகப் பகிர்ந்திருக்கிறார்கள். நான் எழுத வந்தது கரையில் நிற்கும் கோயில்களையும் நினைவிடங்களையும் பற்றி. ஊர் திரும்பிய பிறகும் அவை என்னை விடவில்லை.

மூன்று பள்ளத்தாக்கு அணையில் 2003 ஜூனில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 2010 அக்டோபரில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 175 மீட்டரைத் தொட்டது. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு ஏரியாகிவிட்டது. பழைய ஃபெங்ஜியே, பழைய யுன்யாங், பழைய வூஷான் என்று ஊர் ஊராகத் தண்ணீருக்குள் போயின. சுமார் 13 லட்சம் பேர் வீடு மாறினார்கள். கோயில்களும் அவர்களோடு வீடு மாறின.

யுன்யாங்கில் இருக்கும் ஜாங் ஃபெய் கோயில் ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் சுமார் 32 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் மறுபடி கட்டப்பட்டது. ஸிகுய்யில் கவிஞர் ச்சூ யுவானுக்கு எடுத்த கோயில் இரண்டு முறை பெயர்ந்தது. 1970களில் கெஜோபா அணைக்காக ஒரு முறை, பிறகு பெரிய அணைக்காக இன்னொரு முறை. ஷிபாவோஜாயின் பன்னிரண்டு அடுக்கு மரக்கோபுரம் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் அதைச் சுற்றி மதில் எழுப்பி, குன்றையே தீவாக்கியிருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஒரே ஓர் இடம்தான் நெஞ்சில் நிற்கிறது. ஃபூலிங்கில் இருக்கும் பைஹேலியாங், அதாவது வெண்கொக்குப் பாறை. கரையிலிருந்து நீண்ட நகரும் படிக்கட்டில் சாய்வாக இறங்கிக்கொண்டே போனோம். காது லேசாக அடைத்தது போலிருந்தது. அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். கீழே, ஆற்றுமட்டத்துக்கு ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்தில் ஒரு சுரங்க நடை. அதன் ஒரு பக்கம் முழுவதும் கப்பல் ஜன்னல் போன்ற வட்டக் கண்ணாடிகள். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். பாசிப்பயறு நிறத்தில் தண்ணீர், விளக்கொளியில் மிதக்கும் தூசு, அதற்கு அப்பால் ஒரு பாறைச் சரிவு. அதில் இரண்டு கெண்டை மீன்கள் செதுக்கப்பட்டிருந்தன, ஒன்றின் பின் ஒன்றாக. ஒன்றின் வாயில் லிங்சிக் காளான், மற்றதன் வாயில் தாமரை.

அந்த மீன்கள் யாரோ ஒரு சிற்பியின் விருப்பத்துக்குச் செதுக்கியவை அல்ல. அவை ஆற்றின் அளவுகோல். அவற்றைப் பெயர்த்து மேட்டில் வைத்திருந்தால் அழகான இரண்டு கல்மீன்கள் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். அவை எங்கே இருந்தனவோ அங்கேயே விட்டுவிட்டு, மனிதர்களை அவற்றிடம் இறக்கியதுதான் சரியான மரியாதை என்று எனக்குப் படுகிறது. மற்ற கோயில்களைப் பெயர்த்ததைப் பற்றி எனக்கு அந்த நிம்மதி இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


#2 கல்லெழுத்து

ஆற்றோரன் ஐயா, இந்தப் பாறையைப் பற்றி இங்கே யாராவது எழுதமாட்டார்களா என்று வெகுநாளாகக் காத்திருந்தேன். அதன் கல்வெட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாறை சுமார் 1,600 மீட்டர் நீளம், சராசரி 15 மீட்டர் அகலம். யாங்சியின் போக்கிலேயே நீளவாட்டில் கிடக்கிறது. அணைக்கு முன்பு ஆண்டின் பெரும்பகுதி தண்ணீருக்குள்தான் இருக்கும். குளிர்காலக் கடைசியில் ஆறு வற்றும்போது மட்டும் முதுகைக் காட்டும். எல்லா ஆண்டும் அந்த மீன்கள் வெளியே வருவதில்லை; கடும் வறட்சியில்தான் வரும். வந்துவிட்டால் ஊர் அதிகாரியும் படித்தவர்களும் படகில் போய்ப் பார்ப்பார்கள். "மீனுக்குக் கீழே தண்ணீர் இத்தனை அடி" என்று தேதியோடு வெட்டிவைப்பார்கள்.

தாங் அரசு காலத்தில் 763ஆம் ஆண்டளவில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டு வரை 165 அளவிலான கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளில் 72 ஆண்டுகளின் தாழ்நீர் மட்டம் அவற்றிலிருந்து தெரிகிறது. பழைய மீன்கள் தேய்ந்துபோனதால் 1685இல் புதிதாக இரண்டு செதுக்கினார்கள். நீங்கள் பார்த்தவை அவைதான். அந்த மீனின் கண் இருக்கும் உயரமும், பிற்காலத்தில் அங்கே வைத்த நீர்மட்ட அளவுகோலின் பூஜ்யக் குறியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கருவி ஏதும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்தே அந்த மட்டத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு ஏழே எழுத்துகள் கொண்டது. சோங் காலக் கவிஞர் ஹுவாங் திங்ஜியான் இந்தப் பகுதிக்கு நாடு கடத்தப்பட்டு இருந்தவர். தன்னை 'ஃபூ கிழவன்' என்று சொல்லிக்கொள்வார். கி.பி. 1100இல் அவர் வந்ததைச் சொல்லும் வரி அது: இன்ன ஆண்டில் ஃபூ கிழவன் வந்தான். தண்ணீரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்த ஆண்டு அந்தப் பாறையில் ஒருவர் நிற்க முடிந்தது என்பதே ஆற்றின் அளவைச் சொல்லிவிடுகிறது.

மீன் வெளியே வந்தால் அடுத்து நல்ல விளைச்சல் என்று உள்ளூர் நம்பிக்கை. அந்தக் கல்வெட்டுகளில் பல, வறட்சிக் காலத்தில் எழுதப்பட்டும் மகிழ்ச்சியான தொனியில் இருப்பதற்கு அதுதான் காரணம்.


#3 மதகடி

நான் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆற்றோரன் அவர்களோடு பாதி உடன்படுகிறேன், பாதி உடன்படவில்லை.

முதலில் பைஹேலியாங். அதைக் காப்பாற்றப் பல திட்டங்கள் வந்தன. வண்டல் தானாக மூடட்டும், கரையில் நகல் செய்து காட்டிவிடலாம் என்பதுகூட ஒரு யோசனையாக இருந்தது. கடைசியில் பொறியாளர் கெ ஷியூருன் சொன்ன வழி வென்றது. கல்வெட்டுகள் நெருக்கமாக இருக்கும் பகுதிக்கு மேல் ஒரு கவிகை கட்டி, அதற்குள் வடிகட்டிய ஆற்றுநீரையே நிரப்பினார்கள். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர், இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். இல்லாவிட்டால் 40 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையும் 40 டன் எடையைத் தாங்க வேண்டும். பார்வையாளர் நடக்கும் குழாய் மட்டும்தான் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறது. 2009 மே மாதம் திறந்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அங்கே போய்க் கைகூப்ப வேண்டும்.

உடன்படாத பாதி இது. பெயர்த்த கோயில்களை நீங்கள் குறைத்துப் பேசுகிறீர்கள். இந்த ஆறு என்ன செய்யும் என்பதை இந்தப் பள்ளத்தாக்கின் வேறு சில கல்வெட்டுகள் சொல்கின்றன. அவை மீன்களுக்கு எதிர்ப்பக்கத்துச் சாட்சிகள். "இன்ன ஆண்டு வெள்ளம் இங்கே வரை வந்தது" என்று பாறையில் உயரத்தில் வெட்டிய குறிகள். 1870ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு அப்படிப் பல குறிகள் உண்டு. அவற்றை வைத்துத்தான் அந்த ஆண்டு இச்சாங்கில் நொடிக்கு 1,05,000 கன மீட்டர் தண்ணீர் போனது என்று கணக்கிட்டார்கள். 1954 வெள்ளத்தில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வூஹான் நகரம் அந்த ஆண்டு வெள்ளத்தோடு போராடியதற்கு ஆற்றங்கரையிலேயே ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. கீழே லட்சக்கணக்கான உயிர்கள் இருக்கும்போது, மேலே ஒரு கோயிலை 32 கிலோமீட்டர் நகர்த்துவதா கூடாதா என்பது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. ஓடு ஓடாக, கல் கல்லாக எண் போட்டுப் பெயர்த்து மறுபடி அடுக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.


#4 செந்தாமரை

ஒரு சிறிய கேள்வி. 2022 ஆகஸ்ட் வறட்சியில் யாங்சி வற்றி, சோங்கிங் அருகே ஆற்றுப் பாறையில் சுமார் 600 ஆண்டுப் பழமையான மூன்று புத்தர் சிலைகள் வெளியே தெரிந்தன என்று செய்தி படித்தேன். அப்போது இந்த மீன்களும் வெளியே வந்தனவா?


#5 மதகடி

வரவில்லை, செந்தாமரை. இனி வரவும் வராது. மீன்கள் இருப்பது சுமார் 138 மீட்டர் மட்டத்தில். அணையின் நீர்மட்டம் ஆண்டுதோறும் 145க்கும் 175க்கும் இடையில்தான் ஏறி இறங்குகிறது. எவ்வளவு இறங்கினாலும் மீன்களுக்கு மேல் பல மீட்டர் தண்ணீர் நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்கு இடம் வைப்பதற்காகக் கோடையில் அணையைக் காலி செய்கிறார்கள். மழை ஓய்ந்த பிறகு நிரப்புகிறார்கள். முன்பு குளிர்காலத்தில் வற்றிக் கோடையில் பெருகிய ஆறு, இப்போது அந்த நீளம் முழுவதும் குளிர்காலத்தில் நிரம்பிக் கோடையில் இறங்குகிறது. மீன் எந்தப் பருவத்தில் தலை காட்டியதோ அந்தப் பருவத்தில்தான் இப்போது அதற்கு மேல் அதிகத் தண்ணீர் நிற்கிறது.


#6 ஆற்றோரன்

மதகடி ஐயா, இந்தக் கடைசிச் செய்தியை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. இரவெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. 1970களில் ஆய்வாளர்கள் அந்தக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்த தாழ்நீர்க் கணக்கு, அணைத் திட்டங்களை வடிவமைக்கவும் உதவியிருக்கிறது. 1,200 ஆண்டுகள் உண்மையான கணக்குச் சொன்ன மீன்கள், தங்களை மூழ்கடிக்கப்போகிற அணைக்கும் உண்மையான கணக்கையே கொடுத்தன.

வெள்ளத்தில் செத்தவர்களை மறந்துவிட்டு நான் எழுதவில்லை. அணை வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த இழையில் தீர்க்கவும் முடியாது. என் வருத்தம் வேறு. ஜாங் ஃபெய் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அரசுகள் காலத்துத் தளபதி அவர். கி.பி. 221இல் சொந்த ஆட்களே கொன்றார்கள். தலையை எதிரியிடம் கொண்டுபோகும் வழியில் ஆற்றில் எறிந்துவிட்டார்கள் என்றும், யுன்யாங் மீனவர் ஒருவர் கனவில் கண்டு அதை எடுத்துப் புதைத்தார் என்றும் கதை. தலை யுன்யாங்கில், உடல் லாங்ஜோங்கில் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வழக்கு. அந்தக் கதைக்கு உயிர் எங்கே இருக்கிறது? அந்த வளைவில், அந்தக் கரையில், வலை விழுந்த அந்தத் துறையில். கோயிலின் ஆற்றுப்பக்கத்தில் "ஆற்றின்மேல் தூய காற்று" என்று நான்கு பெரிய எழுத்துகள் இருக்கின்றன. படகில் வருபவன் தூரத்திலிருந்தே படிப்பதற்காக எழுதியவை. இப்போதும் படிக்கலாம். ஆனால் அது வேறோர் ஆற்றுவளைவின் காற்று.

பெயர்த்தவர்களின் கைத்திறனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கூரையின் பழைய ஓடுகளைத் தொட்டுப் பார்த்தேன். மிகுந்த அன்போடு செய்திருக்கிறார்கள்.


#7 நல்லூர்வாசி

தாமதமாக வருகிறேன். ஆற்றோரன் அண்ணா, நினைவுக்கல் என்றால் ஒரே இடத்தில் கிடக்க வேண்டும் என்ற உங்கள் கருத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு மாற்றுச் சாட்சி தருகிறேன்.

இதே யாங்சி ஆற்றின் கீழ்க்கரையில் நாஞ்சிங் இருக்கிறது. கடலோடி ஜெங் ஹேயின் பெருங்கப்பல்களைக் கட்டிய தளங்களில் ஒன்று அங்கேதான் இருந்தது. அந்த இடத்தை இப்போது பூங்காவாக வைத்திருக்கிறார்கள். 1957இல் அங்கே 11 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு சுக்கான் தண்டு கிடைத்தது. கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1409 பிப்ரவரித் தேதியிட்டு ஒரு கல்லில் மூன்று மொழிகளில் எழுதி, அதைக் கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் இலங்கைத் தென்கோடியின் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் வேறு. 1911இல் இலங்கையின் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்துப் பக்கம் கவிழ்ந்து கிடந்தபோது அதைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் பள்ளி மாணவனாக இருந்தபோது அதன் முன் நின்று தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடியிருக்கிறேன். பயணம் போவதற்கென்றே பிறந்த கல் அது. போன இடத்தில்தான் அதற்குப் பொருள்.

ஆனால் அதே நாஞ்சிங்கில் உங்கள் வாதத்துக்கும் பலம் இருக்கிறது. 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை நகரத்தைப் பிடித்தபோது, தப்பிக்க ஆற்றங்கரைக்கு ஓடிவந்த மக்களைக் கரையிலேயே கொன்றார்கள். யான்ஸிஜி பாறையருகிலும் ஜோங்ஷான் படகுத்துறையிலும் அந்தந்த இடத்திலேயே நினைவுக்கற்கள் இருக்கின்றன. 1985இல் திறந்த பெரிய நினைவகமும் எலும்புகள் கிடைத்த ஜியாங்டோங்மென் பகுதியில்தான் நிற்கிறது. அந்தக் கற்களை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகவும் கூடாது.


#8 செந்தாமரை

எல்லோரும் கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். மனிதர்களைப் பற்றியும் ஒருவர் பேச வேண்டும்.

நீராவிக் கப்பல் வருவதற்கு முன், இந்தப் பள்ளத்தாக்குகளில் படகை மேல்நோக்கி இழுத்தவர்கள் கூலியாட்கள். மூங்கில் நாரில் திரித்த வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, பாறை விளிம்புகளில் தவழ்ந்து இழுத்தார்கள். வடம் உரசி உரசிப் பாறையில் விரல் ஆழத்துக்குப் பள்ளங்கள் விழுந்தன. அப்படிப்பட்ட சில கற்களை வெட்டியெடுத்து அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். மிச்சப் பள்ளங்களும் பாறையில் வெட்டிய இழுவைப் பாதைகளும் தண்ணீருக்குள் போய்விட்டன. அவர்கள் இழுக்கும்போது பாடிய ஏலப்பாட்டு 2006இல் சீனாவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பள்ளங்களை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை, யாரும் தேதி போடவில்லை. எனக்கு அவைதான் இந்த ஆற்றின் மிகப் பெரிய கல்வெட்டு.

13 லட்சம் பேர் வெளியேறியதற்கு நினைவகம் இருக்கிறதா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வான்ஜோவில் இடம்பெயர்ந்தோர் நினைவகம் ஒன்று உண்டு. கப்பல்களில் போகிறவர்கள் பலரும் இறங்காமலே கடந்துவிடுகிறார்கள். ஆற்றோரன் ஐயா, நீங்கள் இறங்கினீர்களா?


#9 கல்லெழுத்து

செந்தாமரை சொன்னது என் மனதைத் தைத்துவிட்டது. இழுவையாட்களோடு சேர்த்து ஒரு பாறையையும் நினைக்க வேண்டும்.

ச்சூடாங் பள்ளத்தாக்கின் நுழைவாயில், அதாவது 10 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அதே காட்சி. அதன் வாயிலேயே, ஆற்றின் நடுவில் யான்யூ என்றொரு பாறை இருந்தது. படகோட்டிகளுக்கு அதுதான் பஞ்சாங்கம். தண்ணீருக்கு மேல் அது குதிரை அளவுக்குத் தெரிந்தால் கீழே இறங்காதே என்று பாட்டாகவே சொல்லிவைத்திருந்தார்கள். எத்தனையோ படகுகளை அது விழுங்கியது. எத்தனையோ படகுகளை எச்சரித்துக் காப்பாற்றவும் செய்தது. 1950களின் இறுதியில் போக்குவரத்துக்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள். அணைக்கு வெகு முன்பே.

அதற்கு நேர் மேலே பைடிசெங், வெள்ளைப் பேரரசர் கோட்டை. 223இல் சாகும் தறுவாயில் ஷூ நாட்டு அரசர் லியு பெய் தன் மகனை அமைச்சர் ஜூகெ லியாங் கையில் ஒப்படைத்த இடம். அந்தக் காட்சியை அங்கே ஒரு மண்டபத்தில் ஆளுயரச் சிலைகளாக வைத்திருக்கிறார்கள். குன்று இப்போது தீவு. பாலத்தில் நடந்து போக வேண்டும். இங்கே கோயில் நகரவில்லை, ஆறுதான் ஏறி வந்தது. மதகடி ஐயாவுக்கும் ஆற்றோரன் ஐயாவுக்கும் நடுவில் வைத்துப் பேச இதுவே பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன்.


#10 மதகடி

பொருத்தம்தான். ஷிபாவோஜாயையும் அதோடு சேர்க்க வேண்டும். 56 மீட்டர் உயர மரக்கோபுரத்தைப் பெயர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது தனியாக நிற்கும் கட்டடம் கிடையாது, பாறையில் சாய்ந்து ஏறுவது. பாறை இல்லாமல் அதற்கு வேலையே இல்லை. அதனால் அங்கே மதில்தான் சரி. ஜாங் ஃபெய் கோயிலுக்கு அந்த வசதி இல்லை. அது இருந்த மட்டம் மிகத் தாழ்வு. இடத்துக்கு இடம் வேறு மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைக்க முடியாது என்பதுதான் என் கட்சி. செந்தாமரை சொன்ன வடப் பள்ளங்கள் விஷயத்தில் மட்டும் என்னிடம் பதில் இல்லை. எந்தத் திட்டமதிப்பீட்டிலும் அவற்றுக்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.


#11 ஆற்றோரன்

செந்தாமரை, நான் வான்ஜோவில் இறங்கவில்லை. எங்கள் கப்பல் அந்த ஊரை இரவில் கடந்தது. நீங்கள் கேட்ட பிறகு அது எனக்குக் குறையாகவே இருக்கிறது. அடுத்த முறை போனால் முதலில் அங்கேதான் போவேன்.

நல்லூர்வாசி தம்பி, உங்கள் கல்லுக்காக என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். பயணம் போகப் பிறந்தவை போகலாம். ச்சூ யுவான் விஷயத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். அவருக்குக் கோயிலைவிட டிராகன் படகுப் போட்டியும், இலையில் பொதிந்து அவிக்கும் சோங்சி சோறும்தான் பெரிய நினைவிடம். அவை எந்தக் கரைக்கும் போகும்.

முதல் பதிவில் எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். ஃபெங்ஜியே அருகே இரவு மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தோம். கரை முழுவதும் புதிய நகரத்தின் விளக்குகள். எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பாட்டி, பேரனோடு வந்திருந்தார். அவர் மட்டும் கம்பியைப் பிடித்துக் குனிந்து, நேர் கீழே தண்ணீரைப் பார்த்தார். விரலால் ஓர் இடத்தைக் காட்டி ஏதோ சொன்னார். கப்பல் நகர நகர அந்த விரலும் பின்னால் நகர்ந்தது. என்ன சொல்கிறார் என்று பேரனிடம் கேட்டேன். "எங்கள் தெரு" என்றான்.

பாட்டி சொன்னதற்காக அவன் அந்த இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தான். கறுத்த தண்ணீரும், அதில் உடைந்து கிடந்த கப்பல் விளக்கின் ஒளியும்தான் அதில் இருந்தன. பாட்டி கைப்பேசியை வாங்கி, இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.